பதினெட்டுக் கிலோ

ஒரு சாம்பல் நிறப் பிளக், இரண்டு கொக்கிப் பட்டை.
வண்டிக்கும் பெட்டிக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.
இழுத்தால் கையோடு வந்துவிடும்.
"பானட்டுக்கு அடியில் நிரந்தரமாகப் பூட்டிவிடேன்,
அதுதானே லட்சணம்" என்றான் பாஸ்கோ.
"ராத்திரி உன் மூக்குக்கு யார் வருவது,
பானட்டா?" என்றேன்.

பகலில் டயருக்கு. இரவில் இவனுக்கு.
தூக்கத்தில் மூச்சு நின்று நின்று கிளம்புகிற மனிதன்.
முகமூடி மாட்டி, குழாய் வழியே
விடிய விடியக் காற்றைத் தள்ள வேண்டும் ஒரு மெஷின்.
போர்ட் அகஸ்டா வீட்டில் அது சுவரிலிருந்து குடிக்கும்.
சிம்ப்சன் பாலைவனத்தில் சுவர் ஏது?

மூன்று வாரம் ஷெட்டில் கிடந்தேன்.
பன்னிரண்டு மில்லி பிளைவுட்,
நூறு ஆம்பியர் லித்தியம், அதற்கொரு சார்ஜர்,
சுண்டுவிரல் பருமனுக்குக் கேபிள்.
கம்ப்ரஸரை உள்ளே வைத்தால் வேகும்,
மூடிமேல் வைத்தால் மூடி திறக்காது.
கடைசியில் பக்கவாட்டில், ஜன்னல் வெட்டி.
அளந்தது இரண்டு தடவை, அறுத்தது மூன்று தடவை.
சோலார் தகட்டுக்குக் காசு எட்டவில்லை.
கைப்பிடிக்கு ஒரு பழைய சூட்கேஸின் தோல்பிடி;
முதல் தூக்கிலேயே அறுந்து
பதினெட்டுக் கிலோவும் என் பாதத்தில்.
நகம் இன்னும் கறுப்பு.
பிறகு போட்டது படகுக் கயிறு.

மணல் தொடங்கும் இடத்தில் காற்றைப் பதினாறுக்கு இறக்கினோம்.
டயர்கள் தொப்பை தளர்த்தி உட்கார்ந்தன.
சிவப்பு மேடு, பள்ளம், சிவப்பு மேடு.
நூற்றுப் பதினேழில் எண்ணுவதை விட்டான் பாஸ்கோ.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது
பெட்டியைக் கூடாரத்துக்குத் தூக்கிப்போய்
மீட்டரைப் பார்த்தேன்.
நூற்றுக்குப் பதினான்கு.
இரண்டு நாளாக எஞ்சின் ஓடியிருக்கிறது,
பெட்டி பட்டினி கிடந்திருக்கிறது.
வண்டிப் பக்கத்துப் பிளக்கைப் பிரித்தால்
உருகிய பிளாஸ்டிக், நழுவித் தனியே நிற்கும் செம்புக் கம்பி.
நான் அழுத்திய லக்.
அன்றைய கடைசி லக். உள்ளே போன் அடித்தது.
அழுத்தினேன்; இழுத்துப் பார்க்கவில்லை.
மாற்று லக் பையில் இருக்கிறது,
அழுத்தும் கருவி ஷெட்டில் இருக்கிறது.

"உட்கார்ந்தே தூங்குகிறேன்" என்று
மடக்கு நாற்காலியை விரித்தான் பாஸ்கோ.
திட்டியிருக்கலாம்.

எட்டு மணிக்கு மேட்டின் உச்சியில் விளக்குகள்.
கூபர் பீடியில் ஓபல் தோண்டுகிறவள், ட்ராகிட்சா.
ஒரு யூட், ஒரு நாய், புகைந்துபோன கம்ப்ரஸர்.
முன் டயர் ஆறு பாயின்டில் நொண்டுகிறது.
"ஓட்டையை அடைத்துவிட்டேன். காற்று இருக்கிறதா?"
"காற்றுக்கு மெஷின் இருக்கிறது. கரண்ட் இல்லை."
அவள் தன் வண்டியின் பின்புறம் டார்ச் அடித்தாள்.
அதே பிளக். அதே சாம்பல் நிறம்.

கயிற்றைத் தோளில் மாட்டி,
கணுக்கால் புதையப் புதைய முப்பது அடி.
அவள் எஞ்சின் என் பெட்டிக்கு ஊட்ட
என் பெட்டி அவள் டயருக்கு ஊத,
யார் யாருக்குக் கடன் என்று பார்க்க
நாய் ஒன்றுதான் சும்மா இருந்தது.
டயர் நிமிர்ந்த பிறகும் எஞ்சினை அவள் நிறுத்தவில்லை.
டின் மீனைப் பிரித்தாள்.
ஓபலைப் பற்றிக் கேட்டேன்.
"பதினொரு வருஷமாக வெள்ளைக் கல்" என்று சிரித்தாள்.
பத்து மணிக்கு மீட்டரில் அறுபத்தொன்று.

பாஸ்கோவின் மெஷின் இரவெல்லாம் பெருமூச்சு விட்டது.
எனக்குத்தான் தூக்கமில்லை.

காலையில் கிளம்பும்போது தன் கருவியை நீட்டினாள்.
"பேர்ட்ஸ்வில் மதுக்கடையில் கொடுத்து வை,
வரும்போது வாங்கிக்கொள்கிறேன்."
புது லக், புதுக் கம்பி நுனி.
அழுத்தினேன். பம்பரில் காலை ஊன்றி
இரண்டு கையாலும் இழுத்தேன்.
மறுபடி இழுத்தேன்.
"எதற்கு வண்டியை ஆட்டுகிறாய்?"
உள்ளேயிருந்து பாஸ்கோ,
தேநீர் சிந்திய குரலில்.